தச்சன் வண்டும் வீட்டு மரமும்: இராமநாதபுரக் கடலோரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

தச்சன் வண்டு என்பது காய்ந்த மரத்தில் வட்டமாகத் துளையிட்டு உள்ளே கூடு அமைக்கும் பெரிய தேனீ இனம். கருவண்டு, மரவண்டு, மரத்துளைப்பான் எனவும் அழைக்கப்படுகிறது. அறிவியலில் இதன் பேரினப் பெயர் சைலோகோப்பா. உத்திரம், கைமரம், கதவு நிலை, சன்னல் சட்டம், மூங்கில் தட்டி ஆகியவற்றில் இது துளையிடுவதால், மரத்தால் கூரை வேய்ந்த ஊர்களில் மனிதருக்கும் இதற்கும் நெடுங்காலமாக ஒரு வழக்கு இருந்து வருகிறது. அந்த வழக்கின் வரலாற்றையும், வண்டை அகற்ற மனிதர் கையாண்ட முறைகள் காலந்தோறும் மாறிய விதத்தையும் இக்கட்டுரை கூறுகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள உப்பூரும் அதன் சுற்று வட்டாரமும் இதற்குப் பொருத்தமான களம். இது பனை மிகுந்த வறண்ட கடலோரம். இங்கு பனைதான் கூரை, பனைதான் வேலி, பனைதான் விறகு. தச்சன் வண்டு விரும்பிக் குடியேறும் மரங்களில் பட்டுப்போன பனையும் ஒன்று.

வண்டா, தேனீயா?

தமிழில் வண்டு என்ற சொல் பரந்த பொருள் உடையது. சாணத்தை உருட்டுவதும் வண்டு, நெல்லை அரிப்பதும் வண்டு, பூவில் தேன் உண்பதும் வண்டு. உயிரியல் வகைப்பாட்டின்படி தச்சன் வண்டு, தேனீக்களும் குளவிகளும் எறும்புகளும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. எனவே அதைத் தேனீ என்பதே சரி. ஆனால் கொம்புத் தேனீயைப் போல இது பெருங்கூட்டமாக வாழ்வதில்லை, மனிதர் எடுக்கத்தக்க தேனைச் சேர்ப்பதுமில்லை.

சைலோகோப்பா என்ற பெயர், மரம் என்றும் வெட்டுதல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1802 இல் இப்பேரினத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். உலகில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அறியப்பட்டுள்ளன. தமிழகத்தில் காணப்படும் இனங்களில் சில உடல் முழுதும் கருத்து, சிறகில் நீலமும் ஊதாவும் மின்னுபவை. வேறு சிலவற்றில் பெண்ணுக்கு மார்பின் மேல் மஞ்சள் மயிர் இருக்கும், ஆணோ உடல் முழுவதும் மஞ்சளாக இருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு பூச்சிகள் என்று நினைப்போர் பலர்.

துளையிடும் முறை

கரையானைப் போலவோ உளுவண்டைப் போலவோ தச்சன் வண்டு மரத்தைத் தின்பதில்லை. இந்த ஒரு செய்தி தெரியாததால்தான் பல மருந்துகளும் பல முறைகளும் வீணாயின. பெண் வண்டு தன் வலிய தாடைகளால் மரத்தைச் சுரண்டி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமான வாயிலை உண்டாக்குகிறது. சிறிது தூரம் உள்ளே சென்றதும் மரத்தின் நார் ஓடும் திசையில் திரும்பி நீளமான சுரங்கம் வெட்டுகிறது. அப்போது உதிரும் மரத்தூள் கீழே குவிந்து கிடக்கும். வீட்டார் முதலில் காண்பது அந்தத் தூளைத்தான்.

சுரங்கத்தின் உள் முனையில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைக்கும். அதன்மேல் ஒரு முட்டை இடும். பிறகு மரத்தூளை உமிழ்நீரால் குழைத்து ஒரு தடுப்புச் சுவர் எழுப்பும். அடுத்து இன்னோர் உருண்டை, இன்னொரு முட்டை, இன்னொரு சுவர். இப்படி ஒரு சுரங்கத்தில் சில அறைகளே அமையும். பூச்சிகளின் முட்டைகளிலேயே மிகப் பெரியவை என்று சொல்லத்தக்கவை தச்சன் வண்டினத்தில் உள்ளன. முட்டை பெரிது, எண்ணிக்கை குறைவு. கொசுவையும் ஈயையும் போல நூற்றுக்கணக்கில் பெருகும் பூச்சி அன்று இது. கொன்றால் ஈடுகட்ட நாளாகும்.

பழைய கூட்டைத் துப்புரவு செய்து மீண்டும் பயன்படுத்துவதும், அதையே நீட்டிக் கிளை வெட்டுவதும் இதன் வழக்கம். ஆகவே ஒரு துளையால் உத்திரம் முறிவதில்லை. கவனிக்காமல் விட்ட ஒரே கைமரத்தில் பல ஆண்டுகள் துளை மேல் துளையாகச் சேரும்போதுதான் வலுக் குறைகிறது. கூட்டிலுள்ள புழுக்களைத் தேடி மரங்கொத்தி வந்து கொத்தினால் சேதம் இன்னும் பெருகும்.

ஆண் வண்டு கூட்டருகே அந்தரத்தில் நின்று ரீங்காரமிட்டு, வருவோர் முகத்துக்கு நேரே பறந்து மிரட்டும். ஆனால் அதற்குக் கொடுக்கு கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றிக் கொட்டுவது அரிது.

இலக்கியத்திலும் கதையிலும்

தமிழர் இவ்வுயிரை மிகப் பழங்காலத்திலேயே கவனித்துள்ளனர். உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவு உயிராகக் கூறுகிறது. அகநானூற்றின் 82 ஆம் பாடலில் கபிலர், அசையும் மூங்கிலில் அமைந்த துளைகளின் வழியே கோடைக் காற்று புகுந்து குழலிசை எழுப்புவதாகக் காட்டுகிறார். அந்தத் துளைகள் வண்டு துளைத்தவை என்றே பொருள் கொள்ளப்படுகிறது. வீட்டு உத்திரத்தில் சேதமாகத் தெரிவதே காட்டு மூங்கிலில் இசையாகத் தெரிந்திருக்கிறது.

மகாபாரதத்தில் பரசுராமர் கர்ணனின் மடியில் தலைவைத்து உறங்கும்போது ஓர் உயிர் கர்ணனின் தொடையைத் துளைக்கும் நிகழ்ச்சி உண்டு. வடமொழி மூலத்தில் அது ஒரு புழு. தமிழ்நாட்டில் வழங்கும் கதையில் அது வண்டாக மாறிவிட்டது. துளைப்பது என்றதும் நம் மக்களுக்கு வண்டு நினைவுக்கு வந்ததே இதற்குக் காரணமாகலாம். மரத்தையே துளைக்க வல்ல வண்டு, அன்பினால் கட்டுண்டு தாமரை மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்ற கருத்து சாணக்கியர் பெயரால் வழங்கும் நீதி நூலில் உள்ளது. கல்யாண வாழ்த்துரைகளில் இன்றும் இதைக் கேட்கலாம்.

பனைக்கூரையும் பழைய காப்பு முறைகளும்

பனை மரத்தின் வலிமை அதன் புறப்பகுதியில் இருக்கிறது. முதிர்ந்த பனையின் வெளிப்புறம் கருத்து வைரம் பாய்ந்திருக்கும். நடுப்பகுதி நார் கலந்த மென்மையான சோறு. தச்சர்கள் நடுச்சோற்றை நீக்கிவிட்டு வைரப் பகுதியை மட்டும் கைமரமாகவும் சட்டமாகவும் இழைத்தனர். இளம் பனையைக் கூரைக்கு வெட்டக்கூடாது என்பது உறுதியான விதி. டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனஞ்சட்டங்கள் கடல் கடந்தும் விற்பனையாயின. பனையின் பயன்களைப் பற்றி வில்லியம் பெர்குசன் 1850 இல் கொழும்பில் ஒரு தனி நூலே வெளியிட்டார். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வீட்டுக்கூரையின் வரலாறு ஏறக்குறைய ஒன்றுதான்.

சோறு நீக்காத மரத்தையும் இளமரத்தையும் தச்சன் வண்டு எளிதில் துளைக்கும். எனவே மரத்தைத் தேர்ந்து இழைத்ததே முதல் காப்பு. இரண்டாவது காப்பு அடுப்புப் புகை. விறகடுப்பு எரிந்த வீடுகளில் அடுக்களைக் கூரை மரங்கள் கரி படிந்து கருத்திருக்கும். நாள்தோறும் புகை சூழும் இடத்தில் பூச்சிகள் கூடு வைக்கத் தயங்கும். மூன்றாவது எண்ணெய்ப் பூச்சு. வேப்பெண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் மரத்துக்குப் பூசப்பட்டன. மீன் எண்ணெய் படகுகளுக்குப் பூசப்பட்டது.

மரத்தையும் மூங்கிலையும் குளத்து நீரில் பல வாரம் ஊறப்போடும் முறையும் இருந்தது. இதன் பயன் வேறு. ஊறும்போது மரத்திலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியேறுவதால், அச்சத்தைத் தேடி வரும் உளுவண்டு அண்டாது. தச்சன் வண்டோ மரத்தை உண்பதில்லை என்பதால் ஊறப்போட்ட மரத்தையும் அது துளைக்கும். ஒரே மரத்தில் உளுப்பு வராமல் வண்டுத் துளை மட்டும் வருவதைக் கண்டு பழைய முறையைக் குறை கூறுவது பொருந்தாது. ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எதிரிக்கானது.

துளை விழுந்த பின் தச்சர் செய்த வேலை எளியது. மரமுளையை அளவாகச் சீவி, துளையில் அடித்து, மட்டமாக அறுத்துவிடுவர். சிலர் களிமண்ணோ மெழுகோ அடைத்தனர். மண்ணெண்ணெய் விளக்கு வீட்டுக்கு வந்த பிறகு, துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி அடைக்கும் பழக்கமும் வந்தது. ஓலைக்கூரையின் அடியில் மண்ணெண்ணெயைக் கையாள்வது தீ விபத்துக்கு வழிகோலும் செயல். வண்டு ஒரு துளை போட்டது, அதை அகற்றப் போய்க் கூரையையே இழக்க நேரலாம்.

பெயரிடலும் ஆய்வும்

ஐரோப்பாவில் இவ்வுயிரைக் கூர்ந்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர். பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் தொகுதியின் ஆறாம் பகுதி 1742 இல் வெளிவந்தது. மரம் துளைக்கும் தேனீக்கள் கூட்டை அறை அறையாகப் பிரிப்பதை அவர் அதில் விளக்கினார். 1758 இல் லின்னேயசு சில இனங்களுக்குப் பெயரிட்டார்.

தமிழ்நாட்டுக் கரைக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. லின்னேயசின் மாணவர் கோனிக், 1768 இல் டேனியர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவரும் அவரை அடுத்து அங்கிருந்தோரும் அனுப்பிய பூச்சிகள் பலவற்றை லின்னேயசின் இன்னொரு மாணவரான பாப்ரீசியசு விவரித்தார். இந்தியாவில் காணப்படும் தச்சன் வண்டு இனம் ஒன்றுக்கு 1798 இல் பெயர் சூட்டியவரும் அவரே.

பிரித்தானிய ஆட்சியில் பிங்காம் எழுதிய இந்தியத் தேனீ, குளவிகள் பற்றிய தொகுதி 1897 இல் வந்தது. தேராதூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் 1906 இல் தொடங்கப்பட்டது. சென்னை மாகாணப் பூச்சியியலாளராக இருந்த பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914 இல் சென்னையில் அச்சாயிற்று. டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பயன்பாட்டுப் பூச்சியியல் கையேடு 1940 இல் வெளிவந்தது. இந்த நூல்களின் காலத்தில்தான் பூச்சிகளைத் தீங்கு செய்பவை, நன்மை செய்பவை எனப் பட்டியலிடும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது. தச்சன் வண்டு இரண்டு பட்டியலுக்கும் பொருந்தும் உயிர். வீட்டுக்குள் அது பகை, தோட்டத்தில் அது உதவி.

ஆஸ்கு என்ற இந்தியக் கண்டுபிடிப்பு

மரத்துக்கு மருந்தேற்றும் தொழில் 19 ஆம் நூற்றாண்டில் இரயில் தண்டவாளக் கட்டைகளை ஒட்டி வளர்ந்தது. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தின் மூலம் மரத்துக்குள் செலுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் 1838 இல் காப்புரிமை பெற்றார். அதன் வாடை வீட்டுக்கு ஏற்றதாக இல்லை.

இதற்கு மாற்றுக் கண்டவர் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இந்தியர் சொந்தி காமேசம். ஆர்செனிக், செம்பு, குரோமியம் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து, நீரில் கரைத்து மரத்தில் ஏற்றும் முறையை அவர் 1933 இல் உருவாக்கினார். மரத்துக்குள் சென்றதும் இக்கலவை இறுகி ஒட்டிக்கொள்ளும், மழையில் எளிதில் கரையாது. ஆர்செனிக், செம்பு ஆகியவற்றின் வேதிக் குறியீடுகளைச் சேர்த்து ஆஸ்கு என்று பெயர் வந்தது. உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இம்முறையில் மருந்தேற்றப்பட்டன. மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய இந்தியக் கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று.

ஆனால் ஆர்செனிக் நஞ்சு. மருந்தேற்றிய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு கலக்கும். குழந்தைகள் கைபடும் இடங்களில் இம்மரம் தகுமா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டு இறுதியோடு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

பொடியும் தெளிப்பும் வந்த காலம்

டிடிடியின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939 இல் கண்டறிந்த பால் முல்லர் 1948 இல் நோபல் பரிசு பெற்றார். அதே காலத்தில் பிஎச்சி எனப்படும் பொடியும் வந்தது. இதைத் தமிழ்நாட்டு வீடுகளில் கமாக்சின் என்ற பெயரால் அறிவார்கள். 1825 இல் மைக்கேல் பாரடே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பொருள்தான் அது. அதன் பூச்சிக்கொல்லும் தன்மை 1940களில்தான் பயனுக்கு வந்தது. எறும்புக்கும் கரப்பானுக்கும் தூவிய அதே பொடியை வண்டுத் துளையிலும் திணித்தனர். வண்டு செத்தது. பொடியோ கூரையிலிருந்து உதிர்ந்து பாயிலும் பானையிலும் விழுந்தது. அன்று அதைப் பெரிதாக நினைத்தவர் குறைவு.

1958 இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி உணவுப் பொருள்களில் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்பேரிடரைத் தொடர்ந்து எழுந்த ஆய்வுகளின் விளைவே 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். 1962 இல் வெளிவந்த ரேச்சல் கார்சனின் நூல் உலக அளவில் இதே கேள்வியை எழுப்பியது. இந்தியாவில் ஆல்டிரின், குளோர்டேன் ஆகியவை 1996 இலும், பிஎச்சி 1997 இலும் தடை செய்யப்பட்டன. லிண்டேன் பயன்பாடு 2013 இல் முடிவுக்கு வந்தது. நிலைத்து நிற்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001 இல் ஏற்கப்பட்டது, இந்தியா 2006 இல் அதை உறுதி செய்தது.

ஒரு தலைமுறை நம்பிக் கையாண்ட மருந்துகள் அடுத்த தலைமுறையில் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. வீட்டின் மூலையில் பழைய பொடிப் பொட்டலம் இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே அறிவு.

கான்கிரீட்டுக்குப் பின்

கான்கிரீட் கூரை பரவிய பிறகு தச்சன் வண்டின் தொல்லை குறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கைமரம் போனதும் அது கதவு நிலைக்கும், சன்னல் சட்டத்துக்கும், மூங்கில் தட்டிக்கும், மாட்டுக்கொட்டகைக் காலுக்கும் இடம் மாறியது. விறகடுப்பு போனதால் புகைக்காப்பும் போயிற்று. வெளியே நின்ற பட்டுப்போன பனைகள் வெட்டப்பட்டுச் சூளைகளுக்குச் சென்றதால் அதன் இயற்கையான இருப்பிடமும் சுருங்கியது. வீட்டில் வண்டு மிகுவதற்கும் வெளியே பனை குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று கருத இடமிருக்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 இல் அறிவித்தது. அது பனைக்காகச் செய்யப்பட்ட அறிவிப்பு. அதன் பயன் வண்டுக்கும் உண்டு.

இன்று ஏற்கத்தக்க முறை

வரலாறு கற்பிக்கும் பாடங்களைத் தொகுத்தால் பின்வருமாறு கூறலாம்.

முதலில் துளை யாருடையது என்று அறிய வேண்டும். மண்பூச்சுடன் ஓடும் தடம் கரையானுடையது. ஊசிமுனைத் துளையும் மாவு போன்ற தூளும் உளுவண்டுடையவை. சுண்டுவிரல் அளவு வட்டத் துளையும் கரடுமுரடான தூளும் இருந்தால் அது தச்சன் வண்டு.

இரண்டாவது, குடியிருக்கும் கூட்டை அடைக்கக் கூடாது. உள்ளே அகப்பட்ட வண்டு வேறு பக்கம் துளைத்து வெளிவரும், சேதம் இரட்டிப்பாகும். சில நாள்கள் காலையும் மாலையும் கவனித்து, போக்குவரத்து நின்ற பிறகு பழைய தச்சரைப் போல மரமுளை அடித்தோ மரப்பசை கலந்த தூள் பூசியோ மூட வேண்டும். மூடாமல் விட்டால் அடுத்த தலைமுறை அதே வீட்டுக்குத் திரும்பும்.

மூன்றாவது, மரத்தின் எல்லாப் பக்கத்துக்கும் வண்ணமோ வார்னிசோ பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. வண்டு நுழைவதும் பெரும்பாலும் அங்கேதான். மூங்கிலின் வெட்டிய முனைகளை அடைத்துவிட வேண்டும்.

நான்காவது, மாற்றிடம் தர வேண்டும். தோட்டத்தின் கோடியில் காய்ந்த பனந்துண்டோ, முருங்கைக் கட்டையோ, ஒருபுறம் அடைத்த மூங்கிலோ மழைபடாமல் கட்டிவைத்தால் வண்டு அங்கே குடியேற வாய்ப்புண்டு.

வலுவிழந்த உத்திரத்தை மாற்றுவது தச்சரின் வேலை, அதைத் தள்ளிப்போடக் கூடாது. கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எருக்கும் வண்டும்

இவ்வளவு பாடுபட்டு ஏன் வண்டைக் கொல்லாமல் அகற்ற வேண்டும்? உப்பூரிலேயே இதற்கு விடை இருக்கிறது. இவ்வூர் வெயிலுகந்த விநாயகர் கோயிலால் அறியப்படுவது. இலங்கைக்குச் செல்லுமுன் இராமர் இங்கு வழிபட்டார் என்பது தலவரலாறு. பிள்ளையாருக்கு உகந்த மலர் எருக்கு. எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக இராமல் கட்டியாக ஒட்டியிருக்கும், காற்றால் பரவாது. சிறு பூச்சிகளுக்கு அதை இழுத்தெடுக்கும் வலுவும் போதாது. அதைப் பூவுக்குப் பூ கொண்டு செல்லும் தலையாய உயிர் தச்சன் வண்டுதான். வண்டு வராத எருக்கில் பூ இருக்கும், காய் அரிதாகவே இருக்கும்.

முருங்கையும் இவ்வண்டால் பயன்பெறுகிறது. ஆவாரம்பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் திறனும் இதற்கு உண்டு. நாம் உத்திரத்தடியில் கேட்டு எரிச்சலுறும் அதே ரீங்காரம் அங்கே காய்க்கு வழி செய்கிறது.

கூரையைக் காப்பது வீட்டாரின் கடமை. அதற்கு மரமுளையும் வண்ணமும் சற்றுப் பொறுமையும் போதும் என்பதைத்தான் நூறாண்டு மருந்துகளின் வரலாறு காட்டுகிறது. வண்டு கேட்பது ஒரு காய்ந்த மரத்துண்டு. பனை நின்றவரை அதை வெளியிலேயே பெற்றுக்கொண்டிருந்தது.